பதினோராவது கேள்வி

அன்பு மகள் சுண்டுவுக்கு, அதாவது பெரிய மனுஷர்களெல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்து விடச் சொன்னால் மறுபேச்சில்லாமல் இழுத்து விடுகிற டாக்டரம்மாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம். உன் நலம் எப்படி என்று கேட்டு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பிறகு யோசித்தேன், அதற்கு அவசியமே இல்லையே, போன வாரம் நாலு நிமிடம் பேசினதில் நீயே மூன்று தடவை "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டாய். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பித் தொலைத்திருப்பேன். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரே ஈயென்று இளித்துக்கொண்டு நிற்கிறானே, அவன் உன் அண்ணன், மூன்று வருடமாகப் பார்க்காததில் அடையாளம் தெரியாமல் போய்விடப் போகிறது என்று சொல்லிவைக்கிறேன். இந்நேரம் பையைத் தூக்கி உன் சோபாமேல் போட்டிருப்பான், திட்டாதே. தபாலில் போட்டால் உன் மேசைமேல் பிரிக்காமல் கிடக்கிற கவர்களோடு இதுவும் ஐக்கியமாகிவிடும், போனில் சொன்னால் "ரவுண்ட்ஸ் இருக்கும்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவாய், உன்னுடைய அப்புறம் எந்தக் காலத்தில் வந்திருக்கிறது? அதனால்தான் ஆளோடு அனுப்பியிருக்கிறேன். போனை வைக்கிற மாதிரி ஆளை வைத்துவிட முடியாது. பத்து நாள் லீவு போட்டு வந்திருக்கிறான், அந்த சோபாவில்தான் படுப்பான், குறட்டை விடுவான், உனக்குத்தான் தூக்கமே வருவதில்லையே, துணைக்கு ஒரு சத்தம் இருக்கட்டும்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. முப்பது வருடம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதின மனுஷன், ஓய்வு பெற்றதிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே கையை நீட்டச் சொல்கிறார். மாடியில் குடியிருப்பவர், பால் போடுகிறவர், குழாய் ரிப்பேருக்கு வந்தவர் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. நோட்டுப் போட்டு ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார், கொஞ்சம் ஏறியிருந்தால் அந்த ஆளைக் கரண்ட் திருடினவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். எனக்கு அந்த மிஷினைப் பார்த்தாலே ஏறுகிறது என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை. அண்ணன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் நாள் பூராவும் சிரிக்கிறாள். நீ அனுப்பின கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேதான் சாப்பிடுகிறாள், இதுவரை எங்கள் எல்லாருடைய கால்களையும் எடுத்துத் தள்ளியிருக்கிறாள், முகம் ஒன்றுகூட இல்லை. "அத்தைக்கு இது வேண்டாமா?" என்று கேட்டவள் அவள்தான். நான் கேட்கவில்லை பார். முதல் சம்பளத்தில் வாங்கி, என்னையே தொட விடாத கேமரா அது, "எனக்கு இனிமே எதுக்கும்மா, அவ வச்சுக்கட்டும்" என்று நீ பார்சல் கட்டி அனுப்பினபோது நான் என்ன செய்தேன் தெரியுமா, என் பொண்ணுக்கு எவ்வளவு தாராள மனசு என்று மாடி வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். உன் அம்மாவின் மூளை அவ்வளவு கூர்மை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நீயாகவே போன் பண்ணினாய். நீயாகவே பண்ணினாய் என்பதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். "அம்மா, லைசென்ஸ் புதுப்பிக்கிற ஃபார்ம் வந்திருக்கு, அதுல மனநலத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கீங்களான்னு ஒரு கேள்வி இருக்கு, அதுக்கெல்லாம் என்ன போடுவாங்க, நீ இருபத்தெட்டு வருஷம் அந்த வேலைதானே பார்த்த" என்று, துணிக்கு எந்த சோப்பு நல்லது என்று கேட்கிற குரலில் கேட்டாய். நானும் அதற்குத் தக்க மாதிரி "இதெல்லாம் ஒரு கேள்வியாடி, இல்லைன்னு ஒரு டிக்கைப் போட்டுத் தள்ளு, எல்லாரும் அதைத்தான் போடுறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, நம் வாஷிங் மெஷின் சுற்றும்போது தானாக நகர்ந்து அடுக்களை வாசல்வரை நடந்து வருகிற கதையை இருபது நிமிடம் சொன்னேன். நீயும் ம் கொட்டினாய். போனை வைத்துவிட்டுத் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போதுதான், கையில் உன் அப்பாவின் ஒற்றைக் காலுறையோடு, எனக்குப் பொறி தட்டியது. காய்ச்சல் இல்லாதவள் மாத்திரை சாப்பிட்டால் வேலை போகுமா என்று எதற்குக் கேட்க வேண்டும்? உடனே கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தாய், நல்லா இருக்கேன் என்றாய். அதற்கு மறுநாளும் நல்லா இருந்தாய். இப்படி ஒரு ஆரோக்கியத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

இனிமேல் எழுதப்போவது போன திங்கட்கிழமை வரைக்கும் உன் அப்பாவுக்கே தெரியாது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஊழியர் செக்‌ஷன் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவள்தானே நீ. அங்கே வந்துபோன வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்துத்தான் நானும் டாக்டராவேன் என்று அடம்பிடித்தாய், அந்தப் பழியும் என் தலையில்தான் விடியும். வருடம் பிறந்தால் டாக்டர்களுக்கு உடல்நலப் படிவம் என்று ஒன்று வரும், பதினான்கு கேள்வி. கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, சர்க்கரை உண்டா என்று போய்க்கொண்டே இருக்கும், பதினோராவது கேள்வி, மனநோய்க்கோ மனச்சோர்வுக்கோ எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா, ஆம், இல்லை, இரண்டு கட்டம். ஆம் என்று போட்டால் அந்தப் படிவம் பெரிய டாக்டர் மேசைக்குப் போகும், அங்கிருந்து ஒரு குழுவுக்குப் போகும், குழு கூடுகிற வரைக்கும் அந்த டாக்டருக்கு டியூட்டி கிடையாது, ஏன் கிடையாது என்பது கேண்டீனில் தட்டுக் கழுவுகிறவர் வரைக்கும் தெரிந்துவிடும், அவ்வளவு ரகசியமாக நடத்துவார்கள். எங்களுக்கோ இருநூறு படிவம் ஒரே வாரத்தில் முடிந்தாக வேண்டும். அதனால் எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம், படிவத்தை டாக்டர்கள் கையில் கொடுப்பதற்கு முன்பே பதினோராவது கேள்விக்கு 'இல்லை' கட்டத்தில் நாங்களே டிக் போட்டுவிடுவோம். பாவம், உயிரைக் காப்பாற்றுகிறவர்கள், யோசிக்க அவர்களுக்கு நேரம் ஏது, கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று எங்களுக்கு அவ்வளவு கரிசனம். அதில் நான்தான் சூட்டிகை. இருநூறு டாக்டர்களுடைய மனசும் பளிங்கு மாதிரி சுத்தம் என்று காலைத் தேநீர் வருவதற்குள் முடிவு பண்ணிவிடுவேன். எந்த நிபுணராவது செய்வாரா?

அப்போது குழந்தைகள் வார்டில் சின்ன வயதில் ஒரு டாக்டர் இருந்தார், உனக்கு நினைவிருக்கும், என் பேனாவை வாங்கி எழுதிவிட்டு ஞாபகமில்லாமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய், பாதி மாடிப்படியிலிருந்து ஓடிவந்து கொடுப்பாரே. நீதான் அவருக்குப் பேனா டாக்டர் என்று பெயர் வைத்தாய். உன் கணக்கு நோட்டில் யானை வரைந்து கொடுத்தவர். ஒரு வருடம் அவர் படிவத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார், நின்றுகொண்டே இருந்தார், அப்புறம் "அக்கா, இந்தப் பதினொண்ணுல டிக்கை மாத்தணும்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடிச்சுத் திருத்தினா ஃபார்ம் செல்லாது டாக்டர், புது ஃபார்ம் வாங்கணும், பெரியவர்கிட்ட போகும், உங்களுக்கு எதுக்கு இந்த வம்பெல்லாம்" என்றேன். "ஆமால்ல, எதுக்கு வம்பு" என்று சிரித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை அன்றைக்கு மறக்காமல் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். உனக்கு அப்போது ஒன்பது வயது, மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொல்லிவைத்தேன், நீ அந்த யானையைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டாய்.

ஆஸ்பத்திரி சும்மா இருக்குமா, உடனே நடவடிக்கை எடுத்தது. இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள், நடுவில் பெரிய டாக்டரின் போன் அடித்தது. சொந்தக் காரணங்கள் என்று சுற்றறிக்கை வந்தது, முப்பத்தாறு மணி நேரம் ஒரே மூச்சில் டியூட்டி பார்ப்பது யாருடைய சொந்தக் காரணம் என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. டாக்டர்கள் ஓய்வறை என்று ஒன்று உண்டு, நாலு பேருக்கு ஒரு கட்டில், அங்கே ஒழுகுகிற குழாய்க்கு மேலே, சூரியன் உதிக்கிற படம் போட்டுப் புன்னகை செய்யுங்கள் என்று ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள், குழாயை மட்டும் சரி பண்ணவில்லை. வாரம் ஒரு நாள் மன அமைதி வகுப்பு வைத்தார்கள், மதியம் ஒன்றரை மணிக்கு, அதாவது அவர்களுக்குச் சாப்பிடக் கிடைக்கிற ஒரே அரை மணி நேரத்தில். வருகைப் பதிவேடு என் கையில். வராதவர்களுக்கு மெமோ அடித்தவளும் நான்தான், அமைதியாக இருக்கத் தவறியதற்கு மூன்று நாளில் விளக்கம் தரவும். அவருடைய ஃபைலை மூடுகிற வேலையும் என்னிடமே வந்தது. கடைசித் தாள் அந்தப் படிவம். பதினோராவது கேள்வியில் என் டிக், எப்போதும்போல இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, கீழே அவர் கையெழுத்து. நூலைக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இருபத்து மூன்று வருடம் ஆகிறது. என் டிக்தான் அவரைக் கொன்றது என்று சொல்ல வரவில்லை, இப்படிப்பட்ட சாவுக்கு ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் அந்த மனுஷன் அன்றைக்கு ஒரு கதவைத் தட்டினார், உள்ளே இருந்தவள் நான், வேலை நேரம் முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டேன். அதெல்லாம் தெரிந்திருந்தும், என் வயிற்றில் பிறந்தவள் அதே கதவைத் தட்டினபோது அதே பதிலை அதே குரலில் சொன்னேனே, என்னை எதால் அடிப்பது?

போன வாரம் பேசினதுக்கு வருகிறேன். உன் வார்டில் நீ வைத்தியம் பார்த்த அந்தப் பெண் இறந்துபோனதற்கு விசாரணை வைத்தார்கள், உன் மேல் தப்பில்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள், அந்தத் தாளை நீ தினமும் எடுத்துப் படித்துப் பார்க்கிறாய் என்றாய், மூன்று மாதமாகத் தூக்கமில்லாமல் நீயே மாத்திரை எழுதிப் போட்டுக்கொள்கிறாய் என்றும் வாய்தவறிச் சொன்னாய். தப்பில்லை என்று எழுதினதைத் தப்பு எங்கே என்று தேடிப் படிக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். இப்படி உழைச்சு நீ படுத்துட்டா அந்த வார்டு என்னடி ஆகும் என்று கேட்டேன். "நான் இல்லைன்னாலும் வார்டு நடக்கும்மா, யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றாய். நடக்கும்டி, தாராளமாக நடக்கும். மறுநாளே உன் நாற்காலியில் இன்னொருத்தி உட்காருவாள், லாக்கரில் வேறு பெயர் ஒட்டுவார்கள், ஒட்டுவதற்கு என்னை மாதிரி ஒருத்தி அங்கேயும் இருப்பாள். இந்த வீடு நடக்காது. உன் அப்பா அந்த நோட்டில் உனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார், பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்றதெல்லாம் அவ வந்ததும் பார்த்துக்கலாம் என்று வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் காலியாகவே இருந்தால் அதற்கு நாங்கள் என்ன மருந்து சாப்பிடுவது என்று நீயே ஒரு சீட்டு எழுதிக் கொடு. எனக்குப் பயமாக இருக்கிறது சுண்டு. இந்த ஒரு வரியை மட்டும் கிண்டல் இல்லாமல் எழுதுகிறேன், எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மிஷினை எடுத்து எனக்கு அழுத்தம் பார்த்தார், அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். பிறகு "கிளம்பு, தெரிஞ்சவங்ககிட்ட போய்க் கேப்போம்" என்றார். என் பழைய ஆஸ்பத்திரிக்கே போனோம், மூன்றாவது மாடி, மனநலப் பிரிவு, எதிர்ப்பக்கம் கண் பிரிவு. மகளைப் பற்றி யோசனை கேட்கத்தான் போனேன், ஆனால் சீட்டுப் போடுகிற பெண் "பேஷண்ட் யாரும்மா?" என்று கேட்டபோது வாயில் "நான்தான்" என்று வந்துவிட்டது. இருபத்து மூன்று வருடமாக அரைத் தூக்கம் தூங்குகிறவள் பேஷண்ட் இல்லாமல் பின்னே யார்? பெஞ்சு மூலையில் ஒருவர் தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு பேங்கைக் கொள்ளையடிக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். விரல்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் கத்தி டாக்டர். ஆபரேஷன் தியேட்டரையே நடுங்க வைத்தவர், கையுறை அளவு மாறி வந்ததற்காக ஒரு டிரே முழுக்கத் தூக்கி எறிந்தவர். என்னைக் கண்டதும் "கண்ணுக்கு வந்தேன்" என்றார். நான் "நானும் கண்ணுக்குத்தான் டாக்டர்" என்றேன். மனநலப் பிரிவு என்று போர்டு எங்கள் இரண்டு பேர் தலைக்கு மேலேயும் தொங்கிக்கொண்டிருக்கிறது. முதலில் சிரித்தது உன் அப்பாதான். அப்புறம் கத்தி டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

பதினேழு வருடமாக வைத்தியம் பார்த்துக்கொள்கிறாராம். ஒரு சமயம் தினமும் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பாராம், செத்துப்போய்விடலாமா என்று நினைத்த நாளும் உண்டாம். மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள், அதுவும் மூன்று மணி நேரம் பயணம் பண்ணி வேறு ஊரில், வேறு பெயரில். மாத்திரையும் பேச்சுமாக ஒரு வருடத்தில் எழுந்துவிட்டாராம், அதற்கப்புறம் எத்தனை ஆயிரம் பேரைத் திறந்து தைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகுதான் தைரியம் வந்து இங்கேயே வருகிறாராம், அந்தத் தைரியம்தான் தொப்பியும் மாஸ்க்கும். உங்க ஃபார்ம்ல வருஷா வருஷம் இல்லைன்னுதானே இருந்தது என்று நான் வாயைப் பிளந்தேன். "நான் எங்கம்மா போட்டேன், நீங்கதான் போட்டீங்க, எனக்குக் கீழ கையெழுத்து மட்டும்தானே" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குச் சுட்டது. உன்னைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "முதல்ல பொண்ணைப் பாருங்க, ஃபார்மை அப்புறம் பாத்துக்கலாம். இப்பல்லாம் பல இடத்துல வைத்தியம் பார்த்தியான்னே கேக்குறதில்ல, இப்ப வேலை செய்யத் தடையா ஏதாவது இருக்கான்னுதான் கேக்குறாங்க, அவ கேள்வியை முழுசாப் படிக்கட்டும், புரியலைன்னா அவங்க சங்கத்துல கேக்கட்டும், தயவுசெஞ்சு உங்களைக் கேக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். சரியாகத்தான் சொன்னார். அவருடைய நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், எந்த நேரமானாலும் பேசச் சொன்னார், திட்டமாட்டாராம், அதற்கு நான் பொறுப்பில்லை.

உள்ளே இருந்த டாக்டர் உன்னைவிடச் சின்னவளாக இருப்பாள். என்னை முக்கால் மணி நேரம் பேச விட்டுவிட்டு, உன் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொன்னாள், "சுத்தி வளைக்காதீங்கம்மா, நேரா கேளுங்க, கேக்குறதால அந்த நினைப்பு புதுசா வந்துடாது, கேட்டா பல பேருக்கு பாரம்தான் இறங்கும், தனியா மட்டும் விட்டுடாதீங்க" என்று. அன்று மாலையே உன் அண்ணனுக்கு டிக்கெட் போட்டோம். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்றால், வேண்டிய அளவு தெரியும். அவன் சாதாரண லிஃப்ட் மெக்கானிக்தான், உன் அளவுக்குப் படிக்கவில்லை, படிப்புக்கும் தனக்கும் ஒட்டாது என்று பள்ளிக்கூடத்திலேயே நிரூபித்தவன். ஆனால் கிளம்புகிறபோது சொன்னான், "பாதியில நின்ன லிஃப்டுக்குள்ள இருக்குறவங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கேன்னுதாம்மா குரல் கொடுப்பாங்க, அதை நம்பி டீ குடிக்கப் போயிடக் கூடாது, கதவு திறக்குற வரைக்கும் வெளியில நின்னு பேசிக்கிட்டே இருக்கணும்" என்று. ஆகவே அவன் பேசிக்கொண்டே இருப்பான், பொறுத்துக்கொள். நாளைக்கே உன்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவான், உன் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால் வேறு இடம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், யாராவது கேட்டால் கண்ணுக்கு வந்தேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். உனக்கு நீயே மருந்து எழுதிச் சாப்பிடுகிற கெட்டிக்காரத்தனத்தை இன்றோடு நிறுத்து. மூன்று மாதமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று ஒருத்தி உன்னிடம் வந்தால், நீங்க நல்லாத்தான் இருக்கீங்க என்று அனுப்பிவிடுவாயா? அந்த மரியாதையை உனக்கும் கொடு. வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா, அப்பாவின் மிஷினுக்கு ஒரு கை கூடும்.

கடைசியாக, இருபத்தெட்டு வருடம் ஒருத்தரிடமும் கேட்காத கேள்வியை உன்னிடம் நேராகக் கேட்கிறேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறேன், பழக்கதோஷம்.

உனக்கு உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?

☐ ஆம்     ☐ இல்லை

இரண்டிலும் நான் கை வைக்கவில்லை, பார்த்துக்கொள். எதில் போட்டாலும் நீ என் மகள்தான், அடித்துத் திருத்தினாலும் செல்லும். ஆம் என்றால் அண்ணனிடம் இப்போதே காட்டு, நாளைக்கு என்று வைக்காதே, அவன் உன்னை விட்டு நகரமாட்டான், அடுத்த விமானத்தில் நானும் அப்பாவும் அங்கே இருப்போம். நீ நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, என்னோடு சண்டை போட்டுக்கொண்டு நீண்ட நாள் இருக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும் இதுதான், அவர் அதைச் சொல்லத் தெரியாமல் மிஷினைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மறந்துவிடாதே, கவருக்குள் ஒரு பேனா இருக்கும். பேனா டாக்டர் அன்றைக்கு என் மேசைமேல் வைத்துவிட்டுப் போன அதே பேனா, இத்தனை வருடம் நான் அதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை, நேற்றுதான் புது ரீஃபில் போட்டேன், நன்றாக எழுதுகிறது. டிக்கை அதால் போடு. பேனாவை அண்ணனிடம் கொடுத்தனுப்பாதே, பார்சல் கட்டாதே. நீயே கொண்டுவந்து என் கையில் கொடுக்க வேண்டும்.

உன் வரவுக்காகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
அம்மா